வயதானவர்களின் இடுப்புச் சத்திரசிகிச்சையும் முதுகில் வைக்கும் மெல்லிய குழாயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மயக்கமருந்துப் பகுதியில் வேலை செய்யும் வைத்தியர். யாழ்ப்பாணத்தில் வயதானவர் ஒருவர் கிணற்றடியிலோ குளியலறையிலோ வழுக்கி விழுந்து, தொடையெலும்பு முறிந்து வாட்டுக்கு வந்தால், அவரோடு வருபவர்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, பதில்களைக் கீழே தந்திருக்கிறேன். பெரும்பகுதி தொடர் முள்ளந்தண்டு விறைப்பு பற்றியது. முதுகில் ஒரே ஊசியாக எல்லா மருந்தையும் போட்டுவிடாமல், மெல்லிய குழாய் ஒன்றை வைத்து அதன் வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும் முறை அது.

உங்கள் வீட்டுப் பெரியவரை நேரில் பார்க்கும் வைத்தியர் சொல்வதுதான் அவருக்கான முடிவு. அந்த வைத்தியரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

அம்மாவுக்கு 86 வயசு. இந்த வயசில ஒப்பரேசன் தேவையோ? அப்பிடியே படுக்கையில வைச்சுப் பாத்தால் என்ன?

தொடையெலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தவரைப் படுக்கையில் வைத்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் கூட. அசையாமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டி நியுமோனியா வரும். முதுகில் படுக்கைப்புண் வரும். கால் நாளத்தில் இரத்தம் கட்டி, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். இவற்றோடு நோவும் இருக்கிறது. உடுப்பு மாற்றும்போதும் மலசலம் கழிக்கும்போதும் முறிந்த எலும்பு அசையும், ஒவ்வொரு முறையும் அவர் கத்துவார். முன்பே நடமாட்டம் இல்லாத ஒருவருக்குக்கூட, நோவில்லாமல் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்பதற்காகவே இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்வதுண்டு.

நாளும் முக்கியம். பிரித்தானிய வழிகாட்டல், வைத்தியசாலைக்கு வந்த அன்றோ மறுநாளோ செய்துவிடச் சொல்கிறது. முதலில் முறிவு நெரிவு வைத்தியரிடம் கட்டுப் போட்டுப் பார்த்து, பத்து நாள் கழித்து எங்களிடம் கொண்டுவருபவர்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படும். அந்தப் பத்து நாளில் போன உடல்பலத்தைத் திருப்பி எடுப்பது கஷ்டம். விழுந்தவர் எழும்ப முடியாமல், ஒரு கால் கட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால், 1990 இலக்கத்துக்கு அழைத்து இலவச அம்புலன்சில் நேரே கொண்டுவாருங்கள்.

வயதை மட்டும் வைத்து யாரும் ‘ஏலாது’ என்று முடிவு கட்டக்கூடாது. ஏற்கெனவே இறுதிக்கட்ட நோயில் இருப்பவருக்குச் செய்யாமல் விடுவதே நல்லது என்ற நிலையும் உண்டு. அதை மறைக்காமல் வைத்தியரோடு இருந்து கதைத்து முடிவெடுங்கள்.

முழுசா மயக்குவினமோ, இல்லாட்டி இடுப்புக்குக் கீழ மட்டும் விறைக்கப்பண்ணுவினமோ?

இரண்டும் செய்யலாம். முதுகில் விறைப்பு ஊசி போட்டால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விடத் தேவையில்லை, அவர் தானாகவே சுவாசிப்பார். முடிந்த பிறகும் சில மணிநேரம் நோ தெரியாது. நுரையீரல் பழுதானவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் முழு மயக்கம் என்றாலே கூடாது, முதுகு ஊசி என்றாலே நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பு முறிந்த 1600 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. 60 நாள் கழித்து உயிரோடு இருப்பதிலும் நடப்பதிலும் இரண்டு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே, எந்த முறை என்பதைவிட, அந்த முறையை இந்த உடம்புக்கு ஏற்றபடி எவ்வளவு கவனமாகச் செய்கிறார்கள் என்பதைத்தான் நான் பெரிதாக எடுப்பேன். குழாய் முறையில் எனக்குள்ள ஈடுபாடும் அதனால்தான்.

முதுகில ஊசி எண்டால் முண்ணாணில குத்துறதோ? கால் இழுத்துப் போகாதோ?

முண்ணாணில் குத்துவதில்லை. வளர்ந்தவர்களுக்கு முண்ணாண் நாரியின் முதலாம் இரண்டாம் முள்ளெலும்பு மட்டத்தோடு முடிந்துவிடும். நாங்கள் ஊசி போடுவது அதற்கும் கீழே, மூன்றாம் நான்காம் எலும்புகளுக்கு இடையில் அல்லது அதற்கடுத்த இடைவெளியில். இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் கையால் தொட்டு, ஒரு கோடு பிடித்து இடத்தைக் கணக்கிடுவோம். அந்த மட்டத்தில் தெளிந்த நீருக்குள் நரம்பு இழைகள் மட்டும் நூல்கற்றை போல மிதக்கும். ஊசி நுனி பட்டால் பெரும்பாலும் விலகிக் கொடுக்கும்.

நரம்புப் பாதிப்பு அறவே வராது என்று சொல்ல மாட்டேன். பிரித்தானியாவில் முதுகு ஊசி, முதுகுக் குழாய் எல்லாம் சேர்த்து ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவைகளைக் கணக்கெடுத்து 2009இல் வெளியிட்டார்கள். நிரந்தரப் பாதிப்பு ஒரு இலட்சத்துக்கு 2 முதல் 4 வரை. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பயத்தை அளந்து பாருங்கள்.

ஊசிக்கும் குழாய்க்கும் என்ன வித்தியாசம்? மருந்து ஒண்டுதானே?

மருந்து ஒன்றுதான், பெரும்பாலும் பியூபிவக்கெயின். போகும் இடமும் ஒன்று, முண்ணாணைச் சுற்றியுள்ள நீர். மாறுவது கொடுக்கும் விதம். ஒற்றை ஊசியில், 0.5 சதவீத மருந்தில் வழக்கமாக 2 முதல் 3 மில்லிலீற்றர், அதாவது 10 முதல் 15 மில்லிகிராம், ஒரேயடியாக உள்ளே போய்விடும். போன மருந்தைத் திருப்பி எடுக்க முடியாது. விறைப்பு எவ்வளவு மேலே ஏறும், பிரஷர் எவ்வளவு விழும் என்பதை அனுபவத்தால் முன்கூட்டி ஊகித்துத்தான் அளவை முடிவு செய்கிறோம். இளவயதுக்காரரில் ஊகம் கொஞ்சம் பிழைத்தாலும் உடம்பு சமாளிக்கும். 86 வயது உடம்பில் சமாளிக்க இடம் குறைவு.

குழாய் முறையில், ஊசி வழியாக மெல்லிய பிளாஸ்டிக் குழாயை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உள்ளே விட்டு, ஊசியை எடுத்துவிட்டு, குழாயை முதுகில் ஒட்டிவிடுவோம். பிறகு அரை மில்லிலீற்றர், அதாவது 2.5 மில்லிகிராம் கொடுப்போம். காத்திருப்போம். பிரஷர் பார்ப்போம், குளிரான பொருளைத் தோலில் வைத்து விறைப்பு எதுவரை வந்திருக்கிறது என்று பார்ப்போம். போதாது என்றால் இன்னும் கொஞ்சம். இப்படிப் போகும்போது, ஒற்றை ஊசிக்குத் தேவைப்படும் அளவைவிடக் குறைந்த மருந்தே பல வயதானவர்களுக்குப் போதுமாகிவிடுகிறது. விறைப்பும் மெதுவாக ஏறுவதால் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கிறது.

தோட்டக்காரருக்கு இதைச் சொல்வது எனக்குச் சுலபம். நேற்று நட்ட மிளகாய்க் கன்றுக்கு யாரும் வாய்க்கால் மடையைத் திறந்துவிட மாட்டார்கள். செம்பால் ஊற்றி, மண் குடித்த பிறகு அடுத்த செம்பு ஊற்றுவார்கள்.

அப்ப எல்லாருக்கும் குழாயே வைக்கலாமே? பக்கத்துக் கட்டில் ஐயாவுக்கு ஒரு ஊசியோட முடிஞ்சுது.

பெரும்பாலானவர்களுக்கு ஒரு ஊசி போதும். அதில் குறையொன்றும் இல்லை. அளவைக் குறைத்துக் கவனமாகப் போட்டால் வயதானவர்களும் நன்றாகத் தாங்குகிறார்கள். குழாய் வைக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். அதற்கான ஊசி பொதுவாகத் தடித்தது. குழாய் செட் கையிருப்பில் இருக்க வேண்டும், செய்து பழகியவர் இருக்க வேண்டும், பிறகு கண்காணிக்க ஆள் வேண்டும்.

இருதயம் பலவீனமானவர், வால்வு சுருங்கியவர், நுரையீரல் மோசமானவர், இரண்டு பக்கமும் முறிந்தவர், முன்பு வைத்த செயற்கை மூட்டைக் கழற்றி மாற்றும் நீண்ட சத்திரசிகிச்சைக்கு வருபவர், இவர்களுக்குத்தான் முதலில் குழாயை நினைப்போம். உங்கள் அம்மாவுக்குக் குழாய் என்று சொன்னால் ‘நிலைமை மோசம்’ என்று பயப்பட வேண்டாம். அவருக்கு அளந்து கொடுக்க வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

அம்மாவுக்குப் பிரஷர் கூடத்தானே? ஊசியால குறைஞ்சால் நல்லந்தானே?

இது மிகவும் நியாயமான கேள்வி. நாங்கள்தான் இதைச் சரியாக விளங்கப்படுத்துவதில்லை. விறைப்பு மருந்து நோவைக் கொண்டுபோகும் நரம்புகளை மட்டும் நிறுத்துவதில்லை. இரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்திருக்கும் நரம்புகளையும் நிறுத்துகிறது. குழாய்கள் தளர்ந்து, இரத்தம் கால்களில் தேங்கி, இருதயத்துக்குத் திரும்பி வருவது குறைகிறது. பிரஷர் விழுகிறது.

பல வருடமாகக் கூடிய பிரஷரோடு இருந்தவரின் மூளையும் சிறுநீரகமும் அந்த அழுத்தத்துக்குப் பழகியிருக்கும். இருதயத்துக்குத் தேவையான இரத்தமும் அந்த அழுத்தத்தில்தான் போகிறது. எனவே 170 இருந்தவருக்குச் சட்டென்று 85க்கு விழுவது நன்மையல்ல, தாக்கம். விழுந்தால் சேலைனும் பிரஷரை ஏற்றும் மருந்தும் கொடுத்துத் தூக்குவோம், அதற்கான மருந்து கையில் தயாராக இருக்கும். ஆனால் விழுந்த பிறகு தூக்குவதைவிட விழாமல் பார்ப்பது நல்லது. குழாய் முறையில் பிரஷர் விழுவது ஒற்றை ஊசியைவிடக் குறைவு என்று பல ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். வயதானவர்களுக்கு இதைத் தெரிவுசெய்ய முதற்காரணமே இதுதான்.

தொடை முறிஞ்சு கிடக்கிற மனுசியை எப்பிடி இருத்தி ஊசி போடுறது? நோகாதோ?

இருத்துவதற்கு முன்பே நோவைக் குறைக்க வேண்டும். கவட்டுப் பக்கத்தில், தொடைக்குப் போகும் நரம்பைச் சுற்றி ஒரு விறைப்பு ஊசி போட்டு, அது வேலை செய்தபின் இருத்தலாம். அல்லது இருத்தாமல் ஒரு பக்கம் சரித்துப் படுக்கவைத்தே செய்யலாம். முதுகுத் தோலையும் முதலில் விறைக்கப்பண்ணுவோம். அதன்பின் அமத்துவது போலத்தான் தெரியும்.

வயதானவர்களின் முதுகெலும்பு தேய்ந்து, இடைவெளி ஒடுங்கி, எலும்புகளைப் பிணைக்கும் இணையங்கள் கல்லுப் போல இறுகியிருக்கும். இரண்டு மூன்று முறை முயலவேண்டி வரலாம். ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்று வாசலில் நிற்பவர்கள் பதறுவது தெரியும். நேரம் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எவ்வளவு நேரம் பட்டினி கிடக்க வேணும்?

பொதுவாகச் சாப்பாடும் பால் சேர்ந்தவையும் 6 மணித்தியாலத்துக்கு முன், தண்ணீரும் வெறும் தேத்தண்ணியும் 2 மணித்தியாலத்துக்கு முன் நிறுத்த வேண்டும். பால்மா கரைத்த தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கில் சேரும். ‘ஒரு வாய் கஞ்சிதானே’ என்று களவாகக் கொடுத்துவிட்டு மறைக்காதீர்கள். கொடுத்திருந்தால் சொல்லுங்கள், யாரும் ஏச மாட்டார்கள். மறுபக்கம், காரணமில்லாமல் இரவு முழுக்க நாவரண்டு கிடக்க விடுவதும் பிழை. எத்தனை மணிவரை தண்ணீர் கொடுக்கலாம் என்று மிஸ்ஸியிடம் கேளுங்கள்.

அம்மா குடிக்கிற குளிசையள் எல்லாத்தையும் நிப்பாட்ட வேணுமோ?

நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். எல்லாக் குளிசையையும் கிளினிக் கொப்பியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். நான் தனியாகக் கேட்கும் ஒன்று இருக்கிறது: கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் குளிசைகள். அவை கிளினிக் கொப்பியில் இருக்காது. அம்மாவும் ‘அது விற்றமின்’ என்பார். பார்த்தால் இரத்தம் கட்டாமலிருக்கக் கொடுக்கும் குளிசையாக இருக்கும்.

முதுகில் ஊசியோ குழாயோ வைப்பதற்கு எங்களைத் தயங்க வைப்பது அந்த வகை மருந்துதான். முண்ணாணைச் சுற்றி இரத்தம் கசிந்து கட்டினால் கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். குறைந்த அளவு அஸ்பிரின் தடையல்ல. குளோபிடோகிரல் என்றால் பொதுவாக 5 முதல் 7 நாள் இடைவெளி கேட்போம். வார்பரின் குடிப்பவருக்கு, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 1.5க்குக் கீழே வரவேண்டும். எனொக்சாபரின் ஊசி தடுப்பு அளவில் போட்டிருந்தால் 12 மணித்தியாலம், சிகிச்சை அளவில் என்றால் 24 மணித்தியாலம். ரிவறொக்சபான் போன்ற புதியவற்றுக்கு, சிறுநீரகத்தைப் பொறுத்து மூன்று நாள்வரை.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. இடுப்பு முறிந்தவரைக் காத்திருக்க விடுவதே ஆபத்து என்று முதலாவது பதிலில் சொன்னேன். குளோபிடோகிரலுக்காக ஒரு கிழமை பார்த்திருந்தால் அந்த ஆபத்தைத்தான் விலைக்கு வாங்குகிறோம். அப்படியான இடத்தில் முதுகு ஊசியை விட்டுவிட்டு முழு மயக்கத்தில் செய்வதே சரியாக இருக்கலாம். இரண்டாவது பதிலில் சொன்ன ஆய்வு அந்த நேரத்தில் மனதுக்குத் தெம்பு தரும்.

தியேட்டருக்குள்ள முழிச்சிருப்பாவோ? சுத்தியல் சத்தம் கேக்குமாமே?

கேட்கும். எலும்புச் சத்திரசிகிச்சையில் தட்டுவதும் துளைப்பதும் உண்டு. தொடுவது, இழுப்பது போன்ற உணர்வும் வரலாம். நோ மட்டும் இருக்கக்கூடாது. நோ வந்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். குழாய் வைத்திருந்தால் அந்த இடத்திலேயே இன்னும் கொஞ்சம் மருந்து கொடுக்கலாம்.

விரும்பினால் இலேசாக நித்திரை வர மருந்து கொடுப்போம். வயதானவருக்கு அதைக் குறைவாகக் கொடுப்பது நல்லது. பலருக்கு அதுவும் தேவைப்படுவதில்லை, தலைமாட்டில் ஒருவர் இருந்து கதைத்துக்கொண்டிருந்தாலே போதும். ஒரு ஆச்சி ஆரம்பத்திலிருந்து கடைசிவரை தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். எங்கள் எல்லோருக்கும் அன்று வேலை அமைதியாகப் போனது. தியேட்டர் குளிராக இருக்கும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போர்த்திவிடுவோம்.

மருந்து விடுறதுக்குள்ள ஒப்பரேசன் முடியாட்டி?

ஒற்றை ஊசி பொதுவாக இரண்டு மூன்று மணித்தியாலம் தாங்கும். அதற்குமேல் போனால் முழு மயக்கத்துக்கு மாறவேண்டி வரலாம். குழாய் இருந்தால் அந்தக் கவலை இல்லை. விறைப்பு இறங்கத் தொடங்கும்போதே அடுத்த அரை மில்லிலீற்றர் போகும்.

இது எபிடியூரலோ? மகளுக்குப் பிள்ளைப்பேறுக்குக் குடுத்தவை.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதுகில் ஒட்டிய மெல்லிய குழாய், நுனியில் ஒரு வடி. பல இடங்களில் எபிடியூரல் செட்டையே எடுத்து இதற்கும் பயன்படுத்துவார்கள். எபிடியூரலில் குழாய் முண்ணாணைச் சூழ்ந்த உறைக்கு வெளியே நிற்கும். இங்கே உறைக்கு உள்ளே, நீருக்குள் நிற்கும். வெளியே கொடுக்கும் அளவு உள்ளே கொடுப்பதைவிடச் சுமார் பத்து மடங்கு.

எனவே ஆபத்து எங்கே என்று உங்களுக்கே விளங்கும். யாராவது இதை எபிடியூரல் என்று நினைத்து அந்த அளவைக் கொடுத்தால் விறைப்பு நெஞ்சுக்கும் கழுத்துக்கும் ஏறி, மூச்சும் இருதயமும் நிற்கலாம். அதனால்தான் குழாயில் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி, மயக்கமருந்துப் பகுதியினர் தவிர வேறு யாரும் அதில் மருந்து போடக்கூடாது என்று வைத்திருக்கிறோம். ஒட்டியிருக்கும் பெயரை நீங்களும் வாசித்துப் பாருங்கள். கேள்வி கேட்டால் எனக்குக் கோபம் வராது.

குழாயை எவ்வளவு நேரம் வைச்சிருப்பினம்?

பெரும்பாலும் சத்திரசிகிச்சை முடிந்ததும் எடுத்துவிடுவோம். நோவுக்காகச் சில இடங்களில் ஒரு நாள்வரை வைப்பதுண்டு, ஆனால் அதற்கு நெருக்கமான கண்காணிப்புள்ள கட்டில் வேண்டும். நாள் கூடக் கூடக் கிருமி தொற்றும் ஆபத்தும், முந்தின பதிலில் சொன்ன மருந்து மாறும் ஆபத்தும் கூடும். எடுக்கும்போது நோகாது. இரத்தம் கட்டாமலிருக்கும் ஊசிக்கு மேலே சொன்ன இடைவெளி குழாயை எடுக்கும்போதும் பொருந்தும்: தடுப்பு அளவு போட்டு 12 மணித்தியாலம் கழித்துத்தான் எடுக்கலாம், எடுத்தபின் அடுத்த ஊசிக்குக் குறைந்தது 4 மணித்தியாலம்.

தலையிடி வருமாமே? தலகாணி வைக்கக் கூடாதாமே?

ஊசி போட்ட துளையால் நீர் கசிந்தால் தலையிடி வரலாம். இந்த முறையின் ஆரம்பமே தலையிடியோடுதான். 1898இல் ஜேர்மனியில் ஓகஸ்ட் பியர் என்ற வைத்தியர் தன்மீதும் தன் உதவியாளர்மீதும் இதைச் சோதித்துப் பார்த்தார், இருவருக்கும் கடும் தலையிடி. ஆனால் இது இளவயதினரின், அதிலும் பிள்ளை பெற்ற பெண்களின் பிரச்சினை. வயது ஏற ஏறக் குறைந்துவிடும். தடித்த ஊசியைத் துணிந்து பாவிக்க முடிவதும் அதனால்தான்.

தலகாணி வைக்கலாம். 24 மணித்தியாலம் மல்லாந்து கிடந்தால் தலையிடி வராது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வயதானவரை அப்படிக் கிடக்கவைப்பதால் நெஞ்சுச் சளிதான் கூடும். எழுந்து இருந்தால் கூடி, படுத்தால் குறைகிற தலையிடி வந்தால் மட்டும் எங்களுக்குச் சொல்லுங்கள், அதற்கு வைத்தியம் இருக்கிறது.

முதுகில ஊசி போட்டால் சாகுமட்டும் நாரி நோ எண்டு சொல்லுகினம்.

ஊசி போட்ட இடம் இரண்டு மூன்று நாள் கண்டிப்போன மாதிரி இருக்கலாம். நீண்டகால நாரி நோவுக்கும் ஊசிக்கும் தொடர்பு காணப்படவில்லை. நாரி நோ எங்கள் ஊரில் ஊசி போடாதவர்களுக்கும் நிறைய இருக்கிறது.

ஒப்பரேசனுக்குப் பிறகு அறளை பேர்ந்திடுமோ? மாமிக்கு அப்பிடி நடந்தது, ஆக்களையே மட்டுக்கட்டேல்ல.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு திடீரென்று குழம்பிப்போவது வேறு, அறளை வேறு. முதலாவது மணிக்கணக்கில் வரும். ஒரு நேரம் தெளிவு, ஒரு நேரம் குழப்பம். பகலில் நித்திரை, இரவில் சேலைனைப் பிடுங்குவது. நான் முன்பு சொன்ன ஆய்வில் ஐந்து பேரில் ஒருவருக்கு இது வந்தது, முழு மயக்கமென்றாலும் முதுகு ஊசியென்றாலும் ஏறக்குறைய அதே அளவு. எனவே குழாய் வைத்தால் குழம்பமாட்டார் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பெரும்பாலானோருக்கு நாட்களில் தெளிந்துவிடும். சிலருக்கு, முக்கியமாக முன்பே மறதி இருந்தவர்களுக்கு, முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

இதில் நாங்கள் செய்வதைவிட நீங்கள் செய்வது கூடப் பலன் தரும். கண்ணாடியையும் காதுக்கருவியையும் வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். பல்செட்டைத் தியேட்டருக்குப் போகும்போது கழற்றி, வந்ததும் திருப்பிப் போட்டுவிடுங்கள். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார், ஏன் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருங்கள். பொருந்தாமல் கதைத்தால் வாதாடவோ சிரிக்கவோ வேண்டாம். நோ, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, நீரிழப்பு எல்லாம் குழப்பத்தைக் கூட்டும், ஆகவே மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். வழமையாக இரவில் சாராயம் எடுக்கும் ஐயாவாக இருந்தால் அதையும் வெட்கப்படாமல் முன்பே சொல்லுங்கள். திடீரென்று நின்றால் அதனாலும் குழப்பம் வரும்.

இன்ரநெற்றில பாத்தன், இந்தக் குழாயை அமெரிக்காவில தடை செய்தவையாம். பிறகேன் செய்யிறியள்?

பார்த்தது உண்மை, ஆனால் பாதிதான். முதுகில் ஊசியை வைத்தபடியே விட்டு மருந்து கொடுப்பதை 1907இல் இங்கிலாந்தில் டீன் என்ற வைத்தியர் எழுதினார். 1940இல் லெமன் வளையும் ஊசியும் நடுவில் வெட்டிய மெத்தையும் வைத்துச் செய்தார். 1944இல் ரூகி ஊசிவழியே குழாயை விட்டுக் காட்டினார். தலையிடிக்குப் பயந்து, 1980களின் இறுதியில் மயிர் போன்ற மிக மெல்லிய குழாய்களைச் செய்தார்கள். அவற்றால் மருந்து மிக மெதுவாகத்தான் வழியும். அதிலும் நீரைவிடக் கனமான, 5 சதவீதச் செறிவுள்ள லிக்னொக்கெயின் என்ற விறைப்பு மருந்தைக் கொடுத்தார்கள். மருந்து கலக்காமல் அடியில் ஒரே இடத்தில் தேங்கி, அங்கிருந்த நரம்பு இழைகளைக் கெடுத்தது. சிலருக்குக் காலிலும் மலசலக் கட்டுப்பாட்டிலும் நிரந்தரப் பாதிப்பு வந்தது. 1992இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் 24 இலக்கத்தைவிட மெல்லிய குழாய்களைச் சந்தையிலிருந்து எடுத்தது.

தடிப்பான குழாய்களை அது தடுக்கவில்லை. அதிலிருந்து படித்த பாடத்தை இன்றுவரை கடைப்பிடிக்கிறோம்: அந்தச் செறிவான லிக்னொக்கெயினைக் குழாயில் கொடுப்பதில்லை. எதிர்பார்த்த அளவுக்கு விறைப்பு வராவிட்டால் இன்னும் இன்னும் என்று ஊற்றுவதில்லை. மருந்து ஒரே இடத்தில் தேங்குகிறதா என்று யோசித்து, ஆளைச் சரித்தோ குழாயைக் கொஞ்சம் இழுத்தோ பார்ப்போம், அல்லது முறையையே மாற்றுவோம்.

அப்பாவுக்கு இருதய வால்வு சுருங்கியிருக்கு, முதுகு ஊசி அறவே கூடாதெண்டு முன்னம் ஒருத்தர் சொன்னவர். இப்ப குழாய் வைக்கலாம் எண்டுகினம். ஆர் சொல்லுறது சரி?

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். பெருநாடி வால்வு சுருங்கியவரின் இருதயம் ஒடுங்கிய வாசலால் இரத்தத்தைத் தள்ளுகிறது. பிரஷர் விழுந்தால் கூடத் தள்ளி ஈடுசெய்ய அதனால் முடியாது. பிரஷர் பற்றிய பதிலில் சொன்ன வீழ்ச்சி, ஒற்றை ஊசியில் சட்டென்று வந்தால், இவருக்கு உயிராபத்து. ‘கூடாது’ என்றவர் அதை நினைத்திருப்பார். கை நாடியில் போட்ட ஊசிக்குழாய்மூலம் ஒவ்வொரு நிமிடமும் பிரஷரைப் பார்த்தபடி, முதுகுக் குழாயால் மருந்தை மெதுவாக ஏற்றினால் அந்த வீழ்ச்சியைத் தவிர்க்க வாய்ப்புண்டு. ‘வைக்கலாம்’ என்பவர் அதை நினைக்கிறார். முழு மயக்கமும் இவருக்கு இலகுவானதல்ல.

இருதயத்தை ஸ்கேன் பண்ணும் எக்கோ எடுத்திருந்தால் அறிக்கையைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். எடுக்காவிட்டால், அதற்காகவே பல நாள் காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

குழாய் உள்ள போகாட்டி?

சிலருக்குப் போகாது. அப்போது குறைந்த அளவில் ஒற்றை ஊசி, அல்லது முழு மயக்கம். இரண்டுக்குமான ஆயத்தத்தோடுதான் தொடங்குவோம்.

அடுத்த நாளே எழுப்பி இருத்துகினம். பாவமெல்லோ?

இருத்தத்தான் வேண்டும். விறைப்பு பெரும்பாலும் அன்றே இறங்கிவிடும். மறுநாள் கட்டில் ஓரத்தில் இருத்துவதும் பிடித்து நிற்கவைப்பதும்தான், இந்தச் சத்திரசிகிச்சையைச் செய்ததன் பயன். நோ இருந்தால் நோவுக்கு மருந்து கேளுங்கள், படுக்கவிடச் சொல்லிக் கேட்காதீர்கள். விறைப்பு இறங்கியபின் திரும்பவும் கால் விறைத்தால், அல்லது கடும் முதுகு நோ வந்தால் இரவென்றும் பார்க்காமல் உடனே சொல்லுங்கள். அது இரத்தக்கட்டியாக இருந்தால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

கையெழுத்து ஆர் வைக்கிறது? கனடாவில இருக்கிற அண்ணா ‘வேண்டாம், பொறுங்கோ’ எண்டுறார்.

அம்மாவுக்குத் தெளிவு இருந்தால் முடிவு அம்மாவுடையது. அண்ணாவின் கவலை எனக்கு விளங்குகிறது. தூரத்தில் இருந்துகொண்டு, இரவில் வரும் அழைப்பில், தாயைப் பற்றி முடிவு சொல்வது கொடுமையான வேலை. அவரைத் தொலைபேசியில் எடுத்துத் தாருங்கள், நானே கதைக்கிறேன். இங்கே முதலாவது பதிலில் எழுதியதைத்தான் அவருக்கும் சொல்வேன்.

ஆனால் அதற்கு முன்பு அம்மாவிடம் கேட்க வேண்டும். ‘அவவுக்குச் சொன்னால் பயப்படுவா’ என்று மறைத்துக் கொண்டுவந்த பலர், தியேட்டர் வாசலில்தான் நடக்கப்போவதை முதன்முதலாக அறிகிறார்கள். பயம் அப்போதுதான் கூட. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். இந்த ஊரில் உடம்பைப் பற்றித் தமிழில் சொல்ல முடியாதது ஒன்றுமில்லை. காதுக்கருவியைப் போட்டுவிடுங்கள், கண்ணாடியைக் கொடுங்கள், கட்டில் தலைமாட்டை உயர்த்துங்கள். முதுகில் மெல்லிய குழாய் வைப்போம், மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்போம், கால் விறைக்கும், நாங்கள் பக்கத்தில் இருப்போம் என்று நான் அவருக்குச் சொல்கிறேன். அவர் கேட்பதற்கெல்லாம் பதில் சொன்ன பிறகு படிவத்தைக் கொடுக்கிறேன்.